சீரகத்துக்கு யார் சொந்தம்?

மளிகைச் சாமான் வந்ததும் டப்பாக்களில் கொட்டி அலமாரியில் அடுக்குகிறோம் அல்லவா? உயிரியலாளர்கள் செய்வதும் அந்த வேலைதான். நாம் எதற்கு உதவும் என்று பார்த்து அடுக்குகிறோம். அவர்கள் யாருக்கு யார் உறவு என்று பார்த்து அடுக்குகிறார்கள்.

சீரகம், பெருஞ்சீரகம் என்கிற சோம்பு, கருஞ்சீரகம் மூன்றும் நம் வீட்டில் ஒரே தட்டில் இருக்கும். அவர்கள் அலமாரியில் முதல் இரண்டுக்கு மட்டும்தான் ஒரே தட்டு. தட்டு என்பது குடும்பம். இதன் பெயர் எபியேசி. கொத்தமல்லி, பெருங்காயச் செடி, கேரட் எல்லாம் இங்கேதான். கொத்தமல்லியைப் பூக்க விட்டுப் பாருங்கள்: காம்புகள் ஒரே புள்ளியில் கிளம்பிச் சுற்றிலும் விரியும், நுனிகளில் பொடிப் பூக்கள். சீரகச் செடியும் அப்படித்தான் பூக்கும். கருஞ்சீரகம் பூப்பதே வேறு மாதிரி. காம்புக்கு ஒரு பூ. அதன் தட்டு ரனன்குலேசி.

தட்டுக்குள் டப்பா வரிசைகள் பேரினங்கள், ஒவ்வொரு டப்பாவும் ஒரு சிற்றினம். லேபிளில் இரண்டே சொல்: முதலில் வரிசையின் பெயர், அடுத்து டப்பாவின் பெயர். சீரகம் 'குமினம் சைமினம்'. ஸ்வீடன்காரர் லின்னேயஸ் இந்த வழக்கத்தை 1753இல் தாவரங்களுக்கும் 1758இல் விலங்குகளுக்கும் நிலைநிறுத்தினார். அதற்கு முன் லேபிளில் ஒரு வரி வர்ணனையே இருந்தது.

ஒரே டப்பாவுக்கு இருவர் லேபிள் ஒட்டிவிட்டால், பொதுவாக முந்தியதே செல்லும். உள்ளே இருப்பது எது என்று தகராறு வந்தால்? அதற்காகவே, புதிதாகப் பெயர் வைப்பவர் ஒரு மாதிரியைத் தனியே எடுத்துவைக்க வேண்டும். தாவரம் என்றால் பெரும்பாலும் தாளில் ஒட்டிய உலர்ந்த கிளைதான். பெயர் கடைசிவரை அந்தக் கிளையோடு கட்டுண்டது.

தொல்லை எங்கே என்றால், வரிசை மாறினால் லேபிளின் முதல் சொல்லும் மாறும். தக்காளியை லின்னேயஸ் உருளை, கத்தரியோடு 'சொலானம்' வரிசையில் வைத்தார். 1754இல் பிலிப் மில்லர் என்பவர் அதைப் பிரித்து 'லைகோபெர்சிகான்' ஆக்கினார். பாடப்புத்தகங்கள் நெடுங்காலம் அவர் பக்கமே நின்றன. டிஎன்ஏவை ஒப்பிட்டபோது தக்காளி உருளைக்கு நெருங்கிய சொந்தம் என்று தெரிய, பழைய வரிசைக்கே திரும்பியது. மாணவர்களுக்கு எரிச்சல்தான், ஆனாலும் தவறான தட்டில் கிடப்பதைவிட இது மேல்.

நம் கறிவேப்பிலைக்கும் இதே கதி. லின்னேயஸின் மாணவரும் 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தவருமான கோனிக்கின் பெயரால் அது 'முர்ராயா கோனிகி'. இப்போது பலர் 'பெர்கெரா கோனிகி' என்கிறார்கள். கோனிக் மட்டும் இடம் பெயரவில்லை. கறிவேப்பிலை பற்றிய ஆய்வுகளைத் தேடுபவர்கள் இரண்டு பெயரையும் போட்டுத் தேடுங்கள். இல்லாவிட்டால் பாதி கிடைக்காது.