நடுவில் ஒரு நீலப் பூச்சு

ஆர்கானிக் சோலார் செல் என்றாலே எல்லோரும் வெயிலை உறிஞ்சும் அடுக்கைப் பற்றித்தான் கேட்பார்கள். எனக்கென்னவோ அதற்கும் கண்ணாடிக்கும் நடுவே கிடக்கும் பூச்சின் மேல்தான் கண். அது மின்சாரம் உண்டாக்குவதில்லை. ஆனால் அது சொதப்பினால் செல் அவ்வளவுதான்.

பெயர் பெடாட்-பிஎஸ்எஸ். மின்சாரம் கடத்தும் பாலிமர். தண்ணீரில் கலந்து, பேனா மை போலக் கருநீலமாக பாட்டிலில் வரும். மின்கடத்தும் ஐடிஓ படலம் கொண்ட கண்ணாடியை முதலில் ஓசோனில் காட்டிச் சுத்தம் செய்வோம். இல்லையென்றால் திரவம் பரவாமல் முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். சிரிஞ்சில் வடிகட்டி மாட்டி நாலு சொட்டு விட்டு, நிமிடத்துக்கு 4000 சுற்றில் சுழற்றினால் நீலமே கண்ணுக்குத் தெரியாது. மிஞ்சுவது ஏறக்குறைய 40 நானோமீட்டர். 150 டிகிரியில் சுட்டு ஈரத்தை விரட்டினால் தயார்.

வெயில் பட்டதும், அதை உறிஞ்சும் மேலடுக்கில் பிரியும் நேர்மின்சுமை ஐடிஓவுக்கு இறங்க வேண்டும். இரண்டின் ஆற்றல் மட்டமும் பொருந்தாது. நடுவே இந்தப் பூச்சு இருந்தால் சிரமமில்லாமல் இறங்கும். ஐடிஓவின் மேடுபள்ளத்தையும் இது மூடிவிடும். மேலடுக்கே 100 நானோமீட்டர்தான் என்பதால், ஒரு முள் நீட்டிக்கொண்டிருந்தாலும் ஷார்ட் ஆகிவிடும்.

வேடிக்கை என்னவென்றால், இது சோலாருக்காகப் பிறந்ததே இல்லை. 1980களின் கடைசியில் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் உருவானது. அக்ஃபா ஃபிலிம் சுருளில் நிலைமின்சாரம் சேராமல் காத்தது. சுருள் உரசிப் பொறி பறந்தால் படத்தில் கிளை கிளையாகக் கோடு விழும். 1 சதவீதத் திறனுடன் ஆர்கானிக் செல்லுக்கு வழிகாட்டிய சிங் டாங்கின் 1986 கட்டுரையும் இன்னொரு ஃபிலிம் கம்பெனியான கோடாக்கிலிருந்து வந்ததுதான்!

நீலத்துக்குக் கெட்ட குணமும் உண்டு. கடும் அமிலம், ஐடிஓவையே மெல்ல அரிக்கும், காற்றின் ஈரத்தையும் இழுக்கும். அதனால் செல்லைத் தலைகீழாக அடுக்கினார்கள். 2012ல் சீனாவின் குவாங்சோவில் காவ் யோங் குழு, ஐடிஓ மேல் பிஎஃப்என் என்ற பாலிமரை மெல்லிசாகப் பூசி, எலக்ட்ரானை அந்தப் பக்கம் இறக்கி 9 சதவீதத் திறனைத் தாண்டியது. இன்று நல்ல செல்கள் 19ஐக் கடந்துவிட்டன.

ஆனால் பிஎஃப்என் சரியாகக் கடத்தாது. 10 நானோமீட்டருக்குள் பூசினால்தான் வேலைக்கு ஆகும். நகமளவு கண்ணாடியில் அது சாத்தியம். மீட்டர் கணக்கில் ஓடும் பிளாஸ்டிக் தாளில் அச்சடிக்கும்போது அவ்வளவு மெல்லிசாக, ஒரே சீராக வராது. ஆகவே தடிமன் கூடினாலும் எலக்ட்ரானை மறிக்காத பாலிமர்களையும் குவாங்சோவிலேயே செய்திருக்கிறார்கள். திறனில் அரை சதவீதம் கூட்டும் செய்தியைவிட எனக்கு இதுதான் பெரிது.