கிழப்பூனை இருக்கும் வீட்டுக்கு ஒரு குட்டி வந்தால்

ராஜபாளையம் என்றதும் நாய்தான் நினைவுக்கு வரும். 2005-இல் தபால் துறை நாட்டு நாய்களுக்காக வெளியிட்ட நான்கு அஞ்சல்தலைகளில் ஒன்று இந்த ஊர் வெள்ளை நாய்க்குக் கிடைத்தது. பூனைக்கு அப்படி ஒரு பெருமை இல்லை. ஆனால் நூற்பாலைக் கிடங்கு, பலசரக்குக் கடை, சுவரோடு சுவர் ஒட்டிய ஓட்டு வீடுகள் என்று எலி இருக்கும் இடமெல்லாம் பூனையும் இருக்கிறது. பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அப்படியே. இங்கே குட்டிகளுக்குப் பருவம் என்று ஒன்று கிடையாது. பெண் பூனை சினைக்கு வருவதைப் பகல் வெளிச்சத்தின் நீளம்தான் தீர்மானிக்கிறது. லண்டனில் மார்கழிப் பகல் எட்டு மணி நேரத்துக்கும் கீழே சுருங்குவதால் அங்கே குளிர்காலத்தில் இனப்பெருக்கம் ஓய்ந்துவிடும். நம் பக்கத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அதனால் சித்திரை வெயிலிலும் ஐப்பசி மழையிலும் ஏதாவது ஒரு திண்ணைக்கடியில் ஒரு குட்டி கத்திக்கொண்டிருக்கும்; இரக்கமுள்ள யாராவது அதைத் தூக்கி வருவார்கள். அந்த வீட்டில் ஏற்கெனவே பத்து, பன்னிரண்டு வயதைக் கடந்த பூனை இருந்தால், அந்த நொடியிலிருந்து கவனிக்க வேண்டிய உயிர்கள் இரண்டு. குட்டியின் பசியும் சளியும் எல்லோர் கண்ணிலும் படுகின்றன. அலமாரி மேல் ஏறிப் படுத்துக்கொண்டு இரண்டு நாள் சாப்பிடாமல் இருக்கும் கிழப்பூனையை, ‘பொறாமை, சரியாகிவிடும்’ என்று விட்டுவிடுகிறோம். பொறாமை என்று நாம் பேர் வைப்பது பெரும்பாலும் உடம்புக்கு நேரும் கெடுதல். அதைத் தடுக்க வீட்டில் எல்லோரிடமும் இருக்கும் கருவி, மூடி வைக்கக்கூடிய ஒரு கதவு.

முதலில், அந்தக் குட்டி அனாதைதானா என்று பார்க்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற வைணவத் தலங்களில் மார்ஜார நியாயம் என்ற சொல் பழக்கமானது. தாய்ப்பூனை கவ்விக்கொள்ளும்போது குட்டி தன் முயற்சி எதுவும் இல்லாமல் தன்னை ஒப்புக்கொடுக்கிறது. பக்தனும் அப்படித்தான் என்பது தென்கலையாரின் விளக்கம். உவமையைச் சொன்னவர்கள் பூனையை நன்றாகக் கவனித்திருக்கிறார்கள். பிடரியைப் பற்றியதும் குட்டி உடம்பைச் சுருட்டிக்கொண்டு அசையாமல் தொங்குவது பிறவியிலேயே வரும் அனிச்சைச் செயல். ஆனால் தாயால் ஒரு நேரத்தில் ஒரு குட்டியைத்தான் கவ்விப் போக முடியும். இடம் மாற்றும்போது மற்றவை வழியில் கத்திக்கொண்டு கிடக்கும். நாம் ‘கைவிடப்பட்டது’ என்று தூக்கி வருபவற்றில் பல, தாய் திரும்பி வருவதற்காகக் காத்திருந்தவை. உடம்பு சில்லிட்டோ, காயத்தோடோ, எறும்பு மொய்த்தோ கிடந்தால் உடனே எடுத்துவிட வேண்டும். மற்றபடி எட்ட நின்று சில மணி நேரம் பார்ப்பதுதான் முதல் உதவி. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துத் தோட்டங்களில் கிடைப்பது காட்டுப்பூனைக் குட்டியாகவும் இருக்கலாம். அதை வீட்டுக்குக் கொண்டுவருவது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வனத்துறைக்குத்தான் சொல்ல வேண்டும். தூக்கி வந்த குட்டி சில்லிட்டிருந்தால் முதலில் சூடுபடுத்திவிட்டுத்தான் எதையும் புகட்ட வேண்டும். குளிர்ந்த உடம்பில் செரிமானம் நடக்காது. பால்கோவா ஊரில் இதைச் சொல்வது சங்கடமாக இருந்தாலும், பசும்பால் பூனைக்குட்டிக்குச் சேராது. தாய்ப்பூனையின் பாலோடு ஒப்பிட்டால் அதில் புரதமும் கொழுப்பும் குறைவு, லாக்டோஸ் அதிகம். வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டால் அரைக் கிலோ கூட இல்லாத உடம்பு ஒரே நாளில் வற்றிவிடும். பூனைக்குட்டிக்கென்று விற்கும் பால்மாவு, நான்கு வாரத்துக்கு மேல் மசித்த ஈர உணவு, இவைதான் சரி.

இனி வீட்டிலிருக்கும் மூத்ததைப் பார்ப்போம். கால்நடை மருத்துவர்கள் பயன்படுத்தும் கணக்கில் பத்து வயதுப் பூனை நம் ஐம்பத்தாறு வயதுக்குச் சமம்; பதினைந்து வயது, எழுபத்தாறு. 2002-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் பன்னிரண்டு வயதைத் தாண்டிய நூறு பூனைகளின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்தபோது தொண்ணூறு பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. வயதான பூனைகளில் சிறுநீரகச் செயலிழப்பும் மிகச் சாதாரணம். இவற்றில் எதையும் பூனை வெளியே காட்டாது. தனியாக வேட்டையாடி வாழ்ந்த விலங்கின் வழிவந்தது அது. வலியைக் காட்டினால் அதற்கு ஆபத்துதான் வரும். நொண்டாது, முனகாது, முன்பு ஒரே தாவலில் ஏறிய ஜன்னல் திட்டுக்கு இப்போது நாற்காலி வழியாக ஏறும். முதுகை நக்குவதைக் குறைத்துக்கொள்வதால் இடுப்புப் பக்கம் முடி சிக்குப் பிடித்துக் கிடக்கும். எட்டு வாரக் குட்டிக்கு அசைகிற எல்லாமே விளையாட்டுப் பொருள். பதுங்கும், பாயும், பெரிய பூனையின் இடுப்பின் மேல் விழும். வலிக்கும் மூட்டின் மேல் ஒரு நாளைக்கு இருபது தடவை ஒருவர் வந்து விழுந்தால் மனிதருக்கே கோபம் வரும். கிழப்பூனை அறைவது கெட்ட குணத்தால் அல்ல.

மூட்டைவிடவும் முக்கியமானது மூக்கு. பூனையின் கன்னத்திலும் நெற்றியிலும் பாதத்திலும் வாசனைச் சுரப்பிகள் உண்டு. கதவு நிலையில், மேசைக் காலில், நம் கணுக்காலில் அது கன்னத்தைத் தேய்ப்பது, ‘இது என் இடம், இங்கே பயமில்லை’ என்று எழுதி வைப்பதற்குச் சமம். கண்ணும் காதும் மங்கிய வயதில் அந்த எழுத்துதான் அதற்கு வீடு. பண்ணைகளில் கூட்டமாக வாழும் பூனைகளைக் கவனித்தவர்கள் ஒரே முடிவுக்கு வந்தார்கள்: தாய், மகள், சகோதரி என்று சொந்தக்காரப் பெண் பூனைகள் ஒன்றின் குட்டிக்கு மற்றது பால் கொடுக்கும், நக்கிவிடும்; அந்நிய வாசனையோடு வரும் பூனையை விரட்டும். ‘பெண் பூனை எந்தக் குட்டியையும் தன் குட்டியாக ஏற்கும்’ என்ற நம்பிக்கை, பால் சுரக்கும் தாயின் விஷயத்தில் பெரும்பாலும் உண்மை. கருத்தடை செய்யப்பட்டுப் பத்து வருடமான பூனைக்கு அதை நீட்டினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அதன் உடம்பில் தாய்மையைத் தூண்டும் ஹார்மோன்களின் ஏற்றம் இல்லை. அதன் மூக்குக்கு வந்திருப்பது குழந்தை அல்ல, ஊடுருவியவர்.

அப்படி உணரும்போது உடம்பில் என்ன நடக்கிறது என்பதற்கு நல்ல சான்று உண்டு. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முப்பத்திரண்டு பூனைகளை எழுபத்தேழு வாரங்கள் தினமும் கவனித்து 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். உணவு நேரம் மாறுவது, பழகிய பராமரிப்பாளர் வராமல் போவது போன்ற சிறு மாற்றங்கள் நேர்ந்த வாரங்களில், நோய் எதுவும் இல்லாத பூனைகளும் வாந்தி எடுத்தன, சாப்பிட மறுத்தன, மணல் தட்டுக்கு வெளியே போயின. ஆள் மாறியதற்கே இவ்வளவு என்றால், அந்நியப் பூனை ஒன்று நடு வீட்டில் ஓடுவதை என்னவென்று சொல்வது? பருத்த பூனை சில நாள் பட்டினி கிடந்தாலே ஈரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகும். இன்னொரு சங்கதி பலருக்குத் தெரியாது. பூனைகளுக்குச் சளியும் கண் அழற்சியும் தரும் ஹெர்பிஸ் வைரஸ், ஒரு முறை தொற்றினால் நரம்பு முடிச்சுகளில் ஆயுள் முழுக்கப் பதுங்கியிருக்கும். மன அழுத்தம் வந்தால் ஒரு வாரம் போல் கழித்து விழித்துக்கொண்டு, ஒன்றிரண்டு வாரம் வெளியேறும். குட்டி வந்த பத்தாம் நாள் கிழப்பூனை தும்மினால், ‘தெருக்குட்டி ஒட்டவைத்துவிட்டது’ என்கிறோம். பல நேரம் அது கிழப்பூனையின் உடம்பிலேயே பல வருடம் தூங்கிய வைரஸ்தான். தடுப்பூசி போடாத குட்டிக்கு அதை ஒட்டவைப்பதும் கிழப்பூனையாகவே இருக்கும்.

‘இரண்டு நாள் சண்டை போடும், பிறகு தானாகப் பழகும், எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறோம்’ என்பார்கள். பழகுவதும் உண்டுதான். ஆனால் 2005-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தார், பூனை இருக்கும் வீட்டுக்கு இன்னொன்றைத் தத்தெடுத்த 375 பேரிடம் கேட்டபோது, ஏறத்தாழப் பாதிப் பேர் முதலில் கடியும் கீறலுமாகச் சண்டை நடந்ததாகச் சொன்னார்கள். தொடர்ந்து சண்டை நீடித்த வீடுகளில் தெளிவாகத் தெரிந்த அம்சம், முதல் சந்திப்பு பகையாக முடிந்திருந்தது என்பதே. அந்த ஆய்வு மூன்று மாதத்துக்கு மேற்பட்ட பூனைகளைப் பற்றியது. குட்டி என்றால் மூத்தது கொஞ்சம் பொறுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் சந்திப்பின் தடம் அழிவதில்லை என்பது குட்டிக்கும் பொருந்தும். ‘பழகிவிட்டது’ என்று நாம் சொல்வதற்கு என்ன அடையாளம் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். சண்டை நின்றுபோவது மட்டும் போதாது. மூத்தது பகலெல்லாம் மொட்டை மாடிப் படியிலேயே கிடந்து, குட்டி தூங்கிய பிறகு மட்டும் தண்ணீர் குடிக்க வருகிறது என்றால், அது பழகவில்லை, தோற்றுப்போயிருக்கிறது.

‘எங்கள் பூனை தினமும் ஓட்டு மேல் பத்துப் பூனையைப் பார்க்கிறது, அதற்கு இது புதிதா?’ இந்த எதிர்வாதம் நம் ஊர் வீடுகளுக்கு உரியது, நியாயமானதும்கூட. வெளியே திரிந்து வளர்ந்த கிழப்பூனை பார்வோ வகை வைரஸான பான்லுகோபீனியாவை இளமையிலேயே வென்றிருக்க வாய்ப்பு அதிகம். அதற்குக் கிடைத்த எதிர்ப்புச் சக்தி நீண்ட காலம் நிற்கும். ஆனால் ஓட்டின் மேல் எதிரி வந்தால் விலகிப்போகலாம் என்ற வசதி இருக்கிறது. இரண்டு பூனைகள் ஒரே சுவரை வேறு வேறு நேரத்தில் பயன்படுத்தி மோதாமல் காலம் தள்ளுவதைப் பார்த்திருப்போம். சாப்பிடும் இடமும் தூங்கும் இடமும் அப்படியல்ல. அங்கிருந்து விலகிப்போக வேறு இடமில்லை. வீட்டுக்குள்ளேயே வளர்ந்த, தடுப்பூசி போடாத கிழப்பூனைக்குப் பான்லுகோபீனியா ஆபத்தும் அப்படியே இருக்கிறது.

ஆகவேதான் கதவு. பான்லுகோபீனியா வெளிப்படப் பத்து நாள் வரை ஆகலாம், படர்தாமரை தெரிய மூன்று வாரம் வரை. பூனை லூக்கேமியா வைரஸ் ஒட்டிய முதல் மாதத்தில் பரிசோதனையில் தெரியாமல் போகலாம் என்பதால் ஒரு முறை எடுத்த ‘இல்லை’ என்ற முடிவை நம்பிவிடக் கூடாது. மறு பரிசோதனை வேண்டும். குடற்புழு மருந்து, தெள்ளு நீக்கம், முதல் தடுப்பூசி எல்லாம் முடிய இரண்டு முதல் மூன்று வாரம் தனி அறை என்பது இந்தக் கணக்கிலிருந்து வருவது. அந்த நாட்களில் குட்டி கடித்தாலோ கீறினாலோ கால் மணி நேரம் சோப்பும் ஓடும் தண்ணீருமாகக் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். பூனைக்கும் வெறிநோய் உண்டு. தனி அறை இல்லாத வீடுகள்தான் அதிகம். குளியலறையோ, பழைய வேட்டியால் மூன்று பக்கம் மூடிய பெரிய கோழிக்கூண்டோ போதும்.

குட்டி இருக்கும் இடத்தைக் கழுவும்போது ஒரு பெரிய தவறு நடக்கிறது. பூனையின் ஈரலில், பல வேதிப்பொருட்களைச் செயலிழக்கச் செய்து வெளியேற்றும் ஒரு நொதியின் மரபணு, பூனைக் குடும்பத்தில் வேலை செய்யாமல் போய்விட்டது. இறைச்சி மட்டும் தின்று வாழ்ந்த பரம்பரைக்குச் செடிகளின் நஞ்சைக் கையாளும் தேவை இருக்கவில்லை. அதனால் தரை துடைக்கும் ஃபினாயிலை மிதித்துப் பாதத்தை நக்கினால் அதற்கு நஞ்சு. காய்ச்சலுக்குக் கொடுக்கும் ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொல்லும். ராஜபாளையத்தில் நாய் வளர்க்கும் வீடுகளில் உண்ணிக்கு வாங்கி வைக்கும் பெர்மெத்ரின் மருந்தைப் பூனை மேல் தடவினால் வலிப்பு வரும். பான்லுகோபீனியா வைரஸ் தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஃபினாயில் அதைக் கொல்லவும் செய்யாது. வெளுக்கும் ஹைப்போகுளோரைட் கரைசலை ஒரு பங்குக்கு முப்பத்திரண்டு பங்கு தண்ணீரில் கலந்து துடைத்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, நன்றாக அலசிக் காயவைப்பதே வழி.

பிஞ்சை அடைத்து வைப்பது கொடுமை அல்லவா என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். குட்டி எதையெல்லாம் நட்பாக ஏற்கும் என்பது பெரும்பாலும் இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரத்துக்குள் பதிந்துவிடுகிறது. எனவே அறைக்குள் தனியாக விட்டுவிடக் கூடாது. வீட்டு மனிதர்கள் மாறி மாறிப் போய் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்; வெளியே வரும்போது கை கழுவி, மேல்சட்டையை மாற்ற வேண்டும். இரண்டு குட்டி கிடந்தால் இரண்டையும் எடுப்பதுதான், கேட்க விசித்திரமாக இருந்தாலும், கிழப்பூனைக்கு நல்லது. அவை ஒன்றின் மேல் ஒன்று பாயும். கிழப்பூனையின் இடுப்பு தப்பிக்கும்.

அறிமுகம் வாசனையில் தொடங்கட்டும். சத்திரப்பட்டித் தறிகளில் நெய்யும் மெல்லிய கட்டுத்துணியில் இரண்டு துண்டு போதும். ஒன்றைக் குட்டியின் கன்னத்திலும், மற்றதை மூத்ததன் கன்னத்திலும் தேய்த்து, மாற்றி வைக்க வேண்டும், சாப்பாட்டுத் தட்டுக்குச் சற்றுத் தள்ளி. முதல் நாள் மூத்தது துணியை முகர்ந்து, வாயை லேசாகத் திறந்தபடி ஒரு கணம் உறைந்து நிற்கும். மேலண்ணத்திலுள்ள இன்னொரு வாசனை உறுப்புக்குக் காற்றை அனுப்புகிறது. பிறகு சீறிவிட்டு விலகலாம். நான்காம், ஐந்தாம் நாளில் துணியைப் பொருட்படுத்தாமல் சாப்பிட்டால், தட்டுகளை மூடிய கதவின் இரு பக்கமும் வைக்கலாம். அதற்கும் பிறகுதான் வலைக்கதவு வழியாகப் பார்வை. குட்டி முழு வெள்ளையாக, நீலக் கண்ணோடு இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அப்படிப்பட்ட பூனைகள் பெரும்பாலும் செவிடு என்பதை டார்வினே எழுதியிருக்கிறார். வெள்ளை ராஜபாளையம் நாய் வளர்ப்பவர்களுக்கும் செவிட்டுக் குட்டி தெரிந்த சங்கதி. மூத்ததன் சீற்றமும் உறுமலும் அதன் காதில் விழாது, முன்னேறிக்கொண்டே போகும். எச்சரித்தும் பலனில்லாத கிழப்பூனை கையை ஓங்கும். அங்கே மனிதர் நடுவில் இருக்க வேண்டும்.

கதவு திறந்த பிறகு மூன்று மாதம், வாரத்துக்கு ஒரு முறை மூத்ததைச் சமையலறைத் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்வது நல்லது. மூன்று கிலோப் பூனை நூறு கிராம் இழப்பது அறுபது கிலோ மனிதர் இரண்டு கிலோ இழப்பதற்குச் சமம். முடியடர்ந்த உடம்பில் அது கண்ணுக்குத் தெரியாது. இரண்டு வாரம் தொடர்ந்து முள் இறங்கினால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். ரத்தப் பரிசோதனை தேவைப்பட்டால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சிறுநீரகமும் பல்லும் சரியாக இருந்து, எடை மட்டும் இறங்கிக்கொண்டே போனால், குட்டிக்கு வேறு வீடு தேட வேண்டும். அது நான்கு மாதம் ஆவதற்குள், தடுப்பூசிகள் முடிந்து, மடியில் ஏறிப் படுக்கும் பழக்கத்தோடு இருக்கும்போது, கேட்பவர்கள் கிடைப்பார்கள்.