காணொளியில் பிள்ளை சொல்லும் விடை



“நிலா ஏன் தேய்கிறது? உங்கள் பிள்ளை ஒரு நிமிடம் விளக்கிச் சொல்வதைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்புங்கள்.” பள்ளியிலிருந்து இப்படி ஒரு செய்தி மாலையில் வந்து சேர்கிறது. வேலைக்காட்டிலிருந்து திரும்பி, குளித்து, அடுப்பைப் பற்றவைக்கும் நேரம். பல வீடுகளில் உடனே ஒரு பரபரப்புத் தொடங்கிவிடும். பிள்ளைக்கு நல்ல சட்டை மாட்டி, தலை வாரி, பவுடர் பூசிச் சுவரோரம் நிறுத்துவார்கள். அண்ணன் புத்தகத்தைப் பார்த்து விடையைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதுவான். அந்தத் தாளைக் கைப்பேசிக்குப் பின்னால் தூக்கிப் பிடிப்பது அக்காவின் வேலை. பிள்ளை கண்ணை நகர்த்தி நகர்த்தி அதைப் படிக்கும். இரண்டு தடவை தப்பினால் திட்டு விழும். மூன்றாம் தடவை சரியாக வந்ததும் அனுப்பிவிட்டு, அப்பாடா என்று சாப்பிட உட்காருவோம்.

அன்போடு செய்கிற காரியம்தான். ஆனால் அப்படி அனுப்பிய படம் ஆசிரியருக்குப் பயன்படுவதில்லை. ஏன் பயன்படுவதில்லை? அவர் உண்மையில் எதைத் தேடுகிறார்? பிள்ளை பேசிய அந்த ஒரு நிமிடத்தை வைத்துக்கொண்டு மறுநாள் வகுப்பில் என்ன செய்கிறார்? இன்று இதைத்தான் பார்க்கப் போகிறோம்.

முதலில் வகுப்பறையை எண்ணிப் பார்ப்போம். ஆசிரியை ஒரு கேள்வி கேட்கிறார். முன்வரிசையில் இரண்டு மூன்று கைகள் சட்டென்று உயர்கின்றன. அந்தக் கைகளில் ஒன்றுக்குரியவர் விடை சொல்கிறார். பாடம் நகர்ந்துவிடுகிறது. மற்றவர்கள் என்ன ஆனார்கள்? விடை தெரிந்தும் கூச்சத்தால் வாய் திறக்காதவர் சிலர். மனத்துக்குள் சொற்களைக் கோத்துக்கொண்டிருந்தவர் சிலர். கேள்வியே விளங்காதவர் சிலர். மூன்று வகையினரும் ஒன்றுபோல் மௌனமாக இருப்பதால் மூவருக்கும் ஒரே பெயர் கிடைத்துவிடுகிறது: மந்தம். நம் தோட்டப்புறத்துப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் இந்தப் பெயரைச் சுமந்துகொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஆராய்ந்து, 1970-களில் தம் முடிவுகளை வெளியிட்டார். ஆசிரியர்கள் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு விடைக்காகக் காத்திருந்த நேரம் சராசரியாக ஒரு விநாடி அளவே! அதை மூன்று விநாடிக்கும் மேலாக நீட்டச் சொன்னபோது மாணவர்களின் விடைகள் நீண்டன. வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். மூன்று விநாடிக்கே இந்தப் பலன் என்றால், வீட்டில் அமர்ந்து, வேண்டுமட்டும் யோசித்து, சிரிப்பதற்குத் தோழர்கள் யாரும் இல்லாத இடத்தில் பேசுவதற்கு எவ்வளவு பலன் இருக்கும்? காணொளி விடையின் முதல் நன்மை இதுதான். கூச்சமுள்ள பிள்ளைக்கும் ஒரு முறை வாய்க்கிறது.

இரண்டாவது நன்மை இன்னும் பெரியது. பயிற்சித் தாளில் பிள்ளை சரியான கட்டத்தில் கோடிட்டால் ஆசிரியர் சரி என்று குறியிடுவார். அமாவாசைக்குப் பின் வளர்பிறை, பிறகு பௌர்ணமி, பிறகு தேய்பிறை என்று வரிசையாக எழுதினால் முழுப் புள்ளி. ஆனால் ஏன் தேய்கிறது என்று அதே பிள்ளையை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். “மேகம் மறைச்சுக்குது டீச்சர்” என்று ஒரு பிள்ளை சொல்லும். “பூமியோட நிழல் நிலா மேல விழுது” என்று வேறொன்று அடித்துச் சொல்லும். தாளில் இருவருக்கும் ஒரே புள்ளி. உள்ளே இருப்பதோ வெவ்வேறு எண்ணம், இரண்டும் தவறு.

இது சிறு பிள்ளைகளின் கதை மட்டுமன்று. 1987-இல் அமெரிக்காவில் “ஏ பிரைவேட் யூனிவர்ஸ்” என்ற கல்விப் படம் ஒன்றை எடுத்தார்கள். உலகப் புகழ்பெற்ற ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில், பட்டமளிப்பு நாளன்று, பட்டம் பெற்றவர்களையும் பேராசிரியர்களையும் பழைய மாணவர்களையும் நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். பருவங்கள் ஏன் மாறுகின்றன, நிலா ஏன் தேய்ந்து வளர்கிறது என்ற இரண்டில் ஒன்றுக்கு விளக்கம் சொல்ல வேண்டும். 23 பேரில் 21 பேரின் விளக்கத்தில் தவறான கருத்து இருந்தது. அங்கியும் தொப்பியும் அணிந்தவர்கள் தயக்கமே இல்லாமல் தவறாகப் பேசுவதைப் படத்தில் காணலாம். அதே படத்தில் பள்ளி மாணவர்களும் வருகிறார்கள். ஆசிரியை மிகவும் நம்பியிருந்த கெட்டிக்கார மாணவி ஒருத்தி விளக்கத் தொடங்கியபோதுதான், அவள் மனத்தில் எத்தனை விசித்திரமான எண்ணங்கள் குடியிருந்தன என்பது வெளிப்பட்டது. பாடம் நடத்திய பிறகும் சில எண்ணங்கள் அவளை விட்டுப் போகவில்லை. பேசச் சொல்லிப் படம் பிடிக்காவிட்டால் இவற்றில் எதுவும் யாருக்கும் தெரிந்திருக்காது.

ஆகவே ஆசிரியர் தேடுவது சரியான விடையை அல்ல. அது புத்தகத்திலேயே இருக்கிறது. பிள்ளையின் சொந்த விடையைத்தான் அவர் தேடுகிறார், அது கோணலாக இருந்தாலும்.

இனி அந்த விடை நாள் பாடத்திட்டத்துக்குள் எப்படிப் போகிறது என்று பார்ப்போம். 25 பிள்ளைகள் ஆளுக்கு ஒரு நிமிடம் பேசினால், பார்த்து முடிக்கவே 25 நிமிடம் ஆகும். ஒரே நிமிடம் என்று ஆசிரியர் வற்புறுத்துவது இதனால்தான். பார்க்கும்போதே அவர் விடைகளைக் கூறு பிரித்துக்கொள்கிறார்: மேகம் என்றவர்கள், பூமியின் நிழல் என்றவர்கள், சூரிய ஒளி பட்ட பகுதியைத்தான் நாம் பார்க்கிறோம் என்று கிட்டத்தட்டச் சரியாகச் சொன்னவர்கள். பெரும்பாலோர் நிழல் என்றிருந்தால் மறுநாள் பாடத்தின் மையம் நிழல்தான். மேகத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசி நேரத்தை வீணாக்க மாட்டார்.

மறுநாள் பீடிகையிலேயே அவர் சொல்கிறார்: “நேற்று உங்களிடமிருந்து இரண்டு விதமான விளக்கங்கள் வந்திருக்கின்றன. எது சரி என்று நாமே சோதித்துப் பார்ப்போமா?” தவறாகச் சொன்ன பிள்ளையின் முகத்தை வகுப்பில் திரையிடக் கூடாது என்பது நம் கருத்து. விளக்கத்தைப் பொதுவில் வைத்தால் போதும், முகம் வேண்டியதில்லை. பிறகு வகுப்பை இருட்டாக்கி, நடுவில் ஒரே ஒரு விளக்கை ஏற்றுகிறார். அதுதான் சூரியன். பிள்ளையின் தலைதான் பூமி. கையை நீட்டித் தலைக்குச் சற்று மேலே பிடித்த வெள்ளைப் பந்துதான் நிலா. விளக்கைப் பார்த்து நின்றால் பந்தின் இருண்ட பக்கம் தெரியும்: அமாவாசை. இடப்பக்கமாகக் கால்வட்டம் திரும்பினால் பந்தில் பாதி வெளிச்சம்: அரை நிலா. விளக்குக்கு முதுகைக் காட்டி நின்றால் பந்து முழுதும் ஒளிரும்: பௌர்ணமி. சுற்றி வரும் வழி முழுவதும் பந்தின் ஒரு பாதி எப்போதும் வெளிச்சத்தில்தான் இருக்கிறது. அந்தப் பாதியில் நமக்கு எவ்வளவு தெரிகிறது என்பதே மாறுகிறது.

நிழல் என்று சொன்ன பிள்ளை இப்போது என்ன செய்யும்? முதுகைக் காட்டி நிற்கும்போது பந்தைச் சற்றுக் கீழே இறக்கச் சொல்கிறார் ஆசிரியர். தலையின் நிழல் பந்தின் மேல் விழுந்து அது இருண்டுபோகிறது. அதுதான் சந்திர கிரகணம்! பூமியின் நிழலுக்கு உரிய இடம் எது என்பதை அந்தப் பிள்ளை தானே கண்டுகொள்கிறது. அதன் எண்ணத்தில் இருந்த பாதி உண்மைக்கு மரியாதையும் கிடைத்துவிடுகிறது.

இந்த இடத்தில் நம் வீட்டுப் பெரியவர்கள் செய்யக்கூடிய ஓர் உதவி இருக்கிறது. விடியற்காலையில் பெரட்டுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு வானம் புதிதன்று. தேய்பிறை அஷ்டமியை ஒட்டிய நாட்களில், கிழக்கே சூரியன் எழும்போது அரை நிலா உச்சிக்கு அருகில் நிற்பதை எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். பிள்ளையை வெளியே அழைத்து அதைக் காட்டுங்கள். சூரியன் கிழக்கே இருந்தால் பூமியின் நிழல் அதற்கு நேர் எதிரே, மேற்கே அடிவானத்துப் பக்கம் அல்லவா போகும்? உச்சியில் நிற்கும் நிலாவில் அது எப்படி விழும்? நிலாவின் ஒளிர்ந்த பக்கம் எந்தத் திசையைப் பார்க்கிறது? விடையைச் சொல்லாமல் கேள்வியை மட்டும் கேளுங்கள். ஆனால் ஒன்று: இதையெல்லாம் ஆசிரியர் கேட்ட முதல் காணொளியை அனுப்பிய பிறகு செய்யுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? இப்போதைய நிலையை நினைத்துப் பாருங்கள். ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த யுபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் அகற்றப்பட்டது. வகுப்பறை மதிப்பீட்டில், பிள்ளை எந்த அளவு தேர்ச்சி பெற்றிருக்கிறது என்பதை ஆறு அடைவுநிலைகளில் ஆசிரியரே கணிக்கிறார். அண்ணன் எழுதிக் கொடுத்ததைப் படித்த பிள்ளை ஐந்தாம் நிலையில் இருப்பதாகத் தோன்றிவிட்டால், அதற்குத் தேவையான குறைநீக்கல் போதனை கிடைக்காமலே போகலாம். தவறான எண்ணம் அப்படியே இடைநிலைப் பள்ளிக்கும் கூடப் போகும். அங்கே மொழியும் மாறுகிறது, வகுப்பும் பெரிது. அந்தத் தவறை யார் தேடிப் பிடிப்பார்கள்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது ஆசிரியர்களுக்கு. எதைக் கேட்கப் போகிறீர்கள் என்று பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தமிழ்மொழிப் பாடத்தில் லகர, ளகர, ழகர ஒலிப்பைக் கேட்பதானால் பிள்ளை திருத்தமாகப் பேசட்டும். அறிவியலிலும் கணிதத்திலும் வீட்டுப் பேச்சிலேயே சொல்லட்டும். இரண்டையும் ஒரே காணொளியில் எதிர்பார்த்தால் பிள்ளை இரண்டிலும் தடுமாறும். இதைச் சொல்லாமல் விடுவதால்தான் பல தாய்மார்கள் பிள்ளையின் உச்சரிப்பைத் திருத்தித் திருத்தி, சொல்ல வந்த கருத்தையே மறக்கடித்துவிடுகிறார்கள்.

கைப்பேசிக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் அடைபட்டிருந்த காலத்தில், கல்வியமைச்சு எடுத்த கணக்கெடுப்பில் ஏறத்தாழ 37 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை என்று தெரிந்தது. இருந்த வீடுகளிலும் ஒரே கைப்பேசி. அதுவும் அப்பாவோடு காட்டுக்குப் போய்விடும். ஆகவே இன்றே வேண்டும் என்று ஆசிரியர் கேட்கக் கூடாது; இரண்டு மூன்று நாள் தவணை தர வேண்டும். படத்தின் தரத்தைக் குறைத்து எடுங்கள். உயர்ந்த தரத்தில் ஒரு நிமிடக் காணொளி 100 மெகாபைட்டைக்கூட எட்டும். வாங்கிய டேட்டாவை அது விழுங்கிவிடும். பொருளைக் காட்ட வேண்டாத பாடமானால் குரல் பதிவே போதும். கருவியே இல்லாத பிள்ளையைப் பள்ளியில் ஓய்வு நேரத்தில் ஆசிரியரே தம் கருவியில் பதிவு செய்துகொள்ளலாம்.

செயலி எது என்று குழம்பவும் வேண்டாம். இதற்கென்றே பிலிப்கிரிட் என்று ஒன்று மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உருவாகிப் புகழ்பெற்றது. 2018-இல் மைக்ரோசாப்ட் அதை வாங்கியது. 2024-இல் அந்தத் தனிச் செயலி மூடப்பட்டது. செயலிகள் வரும், போகும். நம் ஊரில் வாட்ஸ்அப்பே போதுமானதாக இருக்கிறது. ஆனால் பெற்றோர் குழுவில் போடாதீர்கள். ஆசிரியருக்குத் தனியாக அனுப்புங்கள். குழுவில் போட்டால், உங்கள் பிள்ளை திக்கித் திணறுவதை மற்றவர்கள் பார்த்துச் சிரிக்கவும், வேறெங்கோ அனுப்பவும் இடமாகிவிடும்.

பாடம் முடிந்து ஒரு வாரம் கழித்து ஆசிரியர் அதே கேள்வியை மறுபடியும் கேட்கக்கூடும். “முன்னமே அனுப்பியாயிற்றே” என்று சலித்துக்கொள்ளாதீர்கள். பழைய காணொளியையும் புதியதையும் பிள்ளையிடமே அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள். தான் முன்பு என்ன நினைத்தது, இப்போது என்ன நினைக்கிறது என்பதை அது தன் காதாலேயே கேட்கும். இரண்டையும் பார்த்தபின் ஆசிரியர் அவற்றை அழித்துவிட வேண்டும் என்று நீங்கள் தாராளமாகக் கேட்டுக்கொள்ளலாம்.

சில பிள்ளைகள் எவ்வளவு சொன்னாலும் கைப்பேசியின் முன் பேச மாட்டார்கள். அவர்களை அடித்து மிரட்டிப் பேசவைக்க வேண்டாம். மறுநாள் காலையில் மணியடிப்பதற்கு முன் ஆசிரியரிடம் நேரில் போய்ச் சொல்லட்டும்.