ஓநாயும் கல்லும் சேர்ந்த பெயர்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண் குழந்தைக்கு ஆண்டாள் என்றோ கோதை என்றோ பெயர் வைத்தால் யாரும் காரணம் கேட்பதில்லை. பக்கத்து ராஜபாளையத்தில் பெயர் கொஞ்சம் நீளம். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தை ஆண்ட பூசப்பாடி சஞ்சீவி குமாரசாமி ராஜா இவ்வூர்க்காரர். பூசப்பாடி என்பது தெலுங்கு வழக்கப்படி வீட்டுப் பெயர். ராஜா சமூகப் பெயர். குமாரசாமிதான் அவருக்கென்று வைத்தது.

இந்தத் தென்பகுதிக் கிறிஸ்தவக் குடும்பங்களில் ராபர்ட், எட்வர்ட், ஆல்பர்ட், ஹில்டா என்ற பெயர்களும் சகஜம். பைபிள் பெயர்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் பைபிளில் எவ்வளவு தேடினாலும் இவை அகப்படாது. ஐரோப்பாவின் ஜெர்மானியக் கூட்டத்தார் கிறிஸ்தவத்துக்கு வருவதற்கு முன்பே புழங்கிய பெயர் மரபு இது.

அவர்கள் இரண்டு துண்டுகளை ஒட்டிப் பெயர் செய்தார்கள். புகழ், ஒளி, ஈட்டி, ஓநாய், வெற்றி, ஆட்சி என்று துண்டுகள் ஏராளம். புகழும் ஒளியும் சேர்ந்தால் ராபர்ட். விருப்பமும் தலைக்கவசமும் சேர்ந்தால் வில்லியம். ஹில்டா என்பது போர் என்ற ஒற்றைத் துண்டு. சாதுவான ஹில்டா டீச்சர்கள் மன்னிக்க வேண்டும்.

நம்மிடம் தாத்தாவின் பெயர் பேரனுக்கு முழுதாகப் போகும். அங்கே பாதி போனால் போதும். இங்கிலாந்தில் எத்தல்ஸ்டனுக்கும் வுல்ப்கிபுவுக்கும் பிறந்த பிள்ளை வுல்ப்ஸ்டன். தாயிடமிருந்து ஓநாய், தகப்பனிடமிருந்து கல். சேர்த்துப் பார்த்தால் ஓநாய்க்கல்! அர்த்தத்தைவிட உறவுதான் அவர்களுக்கு முக்கியம். அந்தப் பிள்ளை பின்னாளில் வூஸ்டர் நகரின் பிஷப் ஆகி, புனிதராகவும் அறிவிக்கப்பட்டார்.

1066இல் நார்மானிய வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்ததும் இந்த உள்ளூர்ப் பெயர்கள் மங்கின. வெற்றி பெற்றவர்களின் வில்லியமும் ராபர்ட்டும் பரவின; அவையும் ஜெர்மானியப் பெயர்களே, பிரான்ஸ் வழியாகச் சுற்றி வந்தவை. எட்வர்ட் தப்பியதற்குக் காரணம் ஒரு பக்தி. இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஹென்றி தன் மகனுக்குப் புனித எட்வர்டின் பெயரை வைத்தார். அந்த மகன் 1272இல் அரசரானார். பெயருக்குப் புனிதர் ஒருவரும் ராஜா ஒருவரும் வாய்த்தால் ஆயுசு கெட்டி. கோதைக்கும் கிருஷ்ணதேவராயர் வாய்த்தார். அவள் கதையை 'ஆமுக்தமால்யதா' என்று தெலுங்கில் காவியமாக்கினார்.

தமிழகத்துக்கு இப்பெயர்கள் மிஷனரிகளோடும் ஆங்கில ஆட்சியோடும் வந்தன. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த பிரஷ்யரான ரேனியஸ் ஐயரின் பெயர் கார்ல் தியோபிலஸ் ஈவால்ட். முதலும் கடைசியும் ஜெர்மானியம், நடுவில் கிரேக்கம். ஆல்பர்ட் மட்டும் தாமதம். விக்டோரியா மகாராணி 1840இல் ஜெர்மன் இளவரசர் ஆல்பர்ட்டை மணந்த பிறகே இங்கிலாந்திலேயே அப்பெயருக்கு மவுசு வந்தது.