ஸ்னாப்ஷாட் நகல் அல்ல

அப்டேட் போட்ட மறுநாள் கணினி கிளம்பவில்லை என்றால் ஓப்பன்சூசே லினக்ஸ் வைத்திருப்பவருக்கு ஒரு வழி உண்டு. தொடக்கப் பட்டியலில் முந்தைய ஸ்னாப்ஷாட்டைத் தேர்ந்தெடுத்தால், அப்டேட்டுக்கு முன்பிருந்த கணினி திறக்கும். இதற்கு அடித்தளம் பட்டர்எஃப்எஸ் என்னும் கோப்பு முறைமை. ஆரக்கிளில் பணியாற்றிய கிறிஸ் மேசன் 2007இல் தொடங்கியது; 2009இல் லினக்ஸ் கர்னலுக்குள் வந்தது. ஃபெடோரா வொர்க்ஸ்டேஷன் 2020 முதல் இதையே இயல்பாக நிறுவுகிறது.

ஸ்னாப்ஷாட்டைப் புரிந்துகொள்ள முதலில் சப்வால்யூம். பார்க்க ஃபோல்டர் போலவே இருக்கும். ஆனால் அதற்கெனத் தனிக் கோப்பு மரம் உண்டு. தனியாக மவுண்ட் செய்யலாம். பார்ட்டிஷனைப் போல இதற்கு இத்தனை ஜிபி என்று முன்கூட்டியே வெட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. எல்லா சப்வால்யூம்களும் வட்டின் மொத்த இடத்தையும் பொதுவில் புழங்குகின்றன.

ஸ்னாப்ஷாட்டும் ஒரு சப்வால்யூம்தான். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தானே விளங்கும். ஒரே வேறுபாடு, அது காலியாகப் பிறப்பதில்லை. இன்னொரு சப்வால்யூமின் அந்த நேரத்து உள்ளடக்கத்தோடு பிறக்கிறது. நூறு ஜிபி இருந்தாலும் சட்டென்று முடிந்துவிடும், ஏனென்றால் தரவு எதுவும் நகலெடுக்கப்படுவதில்லை. இரண்டு மரங்களும் வட்டில் உள்ள அதே பிளாக்குகளைச் சுட்டுகின்றன. பிறகு ஒரு கோப்பைத் திருத்தினால், பட்டர்எஃப்எஸ் பழைய பிளாக்கின் மேல் எழுதாமல் புதிய இடத்தில் எழுதுகிறது. பழையது ஸ்னாப்ஷாட்டின் பிடியில் அப்படியே இருக்கும். பெரிய கோப்புகளை அழித்தும் வட்டில் இடம் கூடாததற்குப் பல நேரங்களில் இதுவே காரணம். ஸ்னாப்ஷாட்டையும் நீக்கினால்தான் இடம் விடுபடும்.

ஒரு சப்வால்யூமுக்குள் இன்னொன்று இருந்தால், வெளியே உள்ளதை எடுக்கும் ஸ்னாப்ஷாட்டில் உள்ளே இருப்பது வெற்று ஃபோல்டராகவே தெரியும். குறைபோலத் தோன்றினாலும், எனக்கு இந்த வடிவமைப்பிலேயே மிகவும் பிடித்தது இதுதான். ஓப்பன்சூசே பயனர் கோப்புகளையும் டேட்டாபேஸ், லாக் போன்றவற்றையும் வேறு சப்வால்யூம்களில் வைப்பது இதனால்தான். சிஸ்டத்தைப் பழைய நிலைக்குத் திருப்பினாலும் நேற்று எழுதிய கடிதம் பத்திரமாக இருக்கும்.

ஸ்னாப்ஷாட்டை பேக்கப் என்று நம்பிவிடக் கூடாது. மூல சப்வால்யூமும் ஸ்னாப்ஷாட்டும் ஒரே பிளாக்குகளைப் பகிர்வதால் வட்டு பழுதானால் இரண்டும் போய்விடும். பேக்கப் வேண்டுமென்றால், திருத்த முடியாத, படிக்க மட்டுமான ஸ்னாப்ஷாட்டை எடுத்து, சென்ட், ரிசீவ் கட்டளைகள் வழியாக இன்னொரு வட்டுக்கு அனுப்ப வேண்டும். முதல் முறை முழுவதும் போகும். அந்த ஸ்னாப்ஷாட்டை இரு பக்கமும் விட்டுவைத்தால், அடுத்த முறை மாறியது மட்டும் போகும்.