புதுச் சக்கரம் ஏன் ஆடுகிறது?

கடந்த ஆண்டு எங்கள் பள்ளிக்கு மின்சாரத்தில் இயங்கும் பானை வனையும் சக்கரம் ஒன்று வந்தது. முன்னாள் மாணவர்கள் பணம் திரட்டி வாங்கித் தந்தது. பிள்ளைகள் சுற்றி நிற்கப் பெட்டியைப் பிரித்துச் சுவிட்சைப் போட்டேன். 'டொக், டொக்' என்று சத்தம். மேலே பொருத்திய பலகை ஏறி இறங்கியது. களிமண் உருண்டையை வைத்து வேகத்தைக் கூட்டியதும் சக்கரமே நின்ற இடத்திலிருந்து நகரத் தொடங்கியது. பயந்து நிறுத்திவிட்டேன்.

விற்ற கடைக்குப் பேசினால், "திருப்பி அனுப்புங்கள், பார்க்கிறோம். வண்டி வாடகை உங்களுடையது" என்றார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் என்ன பதில் சொல்வது என்ற கவலை எனக்கு. முதல் நாள் மக்கர் செய்த கருவி அலமாரிக்குள் போனால் பிறகு வெளியே வருவதில்லை என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் சக்கரம் அலமாரிக்குப் போகவில்லை. நான்கு மாலைகளில், எந்த உதிரிபாகமும் வாங்காமல் சரியானது. அதை எப்படிச் செய்தோம் என்பதே இக்கட்டுரை. மண்பாண்டச் சக்கரம் இல்லாத பள்ளிகளிலும் தையல் இயந்திரம், மின்விசிறி, மாவரைக்கும் இயந்திரம் என்று சுழலும் எந்தப் பொருளுக்கும் இம்முறை உதவும்.

உள்ளே என்ன இருக்கிறது?

பெரும்பாலான சக்கரங்களின் அமைப்பு எளியது. மோட்டாரின் முனையில் ஒரு சிறிய புல்லி. அதிலிருந்து பெல்ட் ஒரு பெரிய புல்லிக்குப் போகிறது. பெரிய புல்லி ஒரு செங்குத்துத் தண்டில் பொருத்தப்பட்டிருக்கும். அத்தண்டைப் பேரிங்குகள் தாங்குகின்றன. தண்டின் உச்சியில் உலோகத்தாலான சுழல்தட்டு. அதைச் சுற்றி, சேற்று நீரைப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் தொட்டி. சுழல்தட்டில் உள்ள இரண்டு முளைகளின் மீது, வனைந்த பாண்டத்தை அப்படியே தூக்கி வைக்க உதவும் பலகையைப் பொருத்தலாம். வேகத்தைக் கூட்டிக் குறைக்கக் கால்மிதி.

இதில் எந்த உறுப்பில் குறை என்று தெரியாமல் திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தால், நல்லதும் கெட்டுப்போகும்.

முதலில் வெறும் சக்கரம்

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாத்தா மண்பாண்டத் தொழிலாளர். கோலால் சுற்றிவிடும் கனமான சக்கரத்தில் வாழ்நாளெல்லாம் வேலை செய்தவர். பேத்தி சொல்லி, பார்க்க வந்தார். சக்கரத்தைத் தொடும் முன்பே ஒரு கேள்வி கேட்டார்.

"டீச்சர், மண்ணு வைக்காம வெறும் சக்கரம் ஆடுதானு பாத்தீங்களா?"

"இல்லைங்க ஐயா."

"மொதல்ல அதைப் பாருங்க. மண்ணு வச்சப்புறம் ஆடுனா அது சக்கரத்துக் குத்தமா, கைக் குத்தமானு தெரியாது."

அறிவியல் பாடத்தில் 'ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்று' என்று நான் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். ஆனால் பதற்றத்தில் எனக்குத் தோன்றவில்லை. அன்றே மூன்று நிலைகளாகப் பிரித்துக்கொண்டோம்: வெறும் சுழல்தட்டு, பலகையுடன், மண்ணுடன். ஒவ்வொரு நிலையிலும் மெதுவான, நடுத்தர, அதிக வேகங்களில் என்ன கேட்கிறது, என்ன ஆடுகிறது என்று மாணவர்கள் குறிப்பேட்டில் எழுதினார்கள்.

சத்தத்தை எண்ணுங்கள்

சுழல்தட்டின் விளிம்பில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். மெதுவாகச் சுழலவிடுங்கள். ஒருவர் சுற்றுகளை எண்ணட்டும், இன்னொருவர் சத்தத்தை எண்ணட்டும்.

ஒரு சுற்றுக்கு ஒரு சத்தம் என்றால், குறை தண்டோடு சேர்ந்து சுழலும் பகுதியில் இருக்கிறது. தொட்டியின் விளிம்பில் தட்டு ஓரிடத்தில் உரசலாம். தட்டைத் தண்டோடு இறுக்கும் திருகாணி தளர்ந்திருக்கலாம்.

ஒரு சுற்றுக்குப் பல சத்தங்கள் என்றால், தட்டைவிட வேகமாகச் சுழலும் மோட்டார் அல்லது சிறிய புல்லியைப் பாருங்கள்.

சுற்றுகளைவிடச் சத்தங்கள் குறைவு என்றால், அது பெல்ட். பெல்ட்டின் நீளம் பெரிய புல்லியின் சுற்றளவைவிட அதிகம். ஆகவே பெல்ட் ஒருமுறை முழுதாகச் சுற்றிவர, தட்டு ஒரு சுற்றுக்கு மேல் சுற்றியிருக்கும்.

எங்கள் பிள்ளைகள் எண்ணியபோது 20 சுற்றுக்கு 14 'டொக்' வந்தது. பெல்ட்தான் என்று முடிவானது. பெட்டிக்குள் பல நாள் ஒரே நிலையில் இழுபட்டு இருந்ததால், புல்லியில் வளைந்த இடம் அப்படியே படிந்துபோயிருந்தது. புதுச் சக்கரங்களில் இது உண்டு. வெறும் தட்டை நடுத்தர வேகத்தில் அரைமணி நேரம் ஓடவிட்டோம். மறுநாளும் அப்படியே. சத்தம் தேய்ந்து மறைந்தது.

வேறு சில சத்தங்களையும் அறிந்திருப்பது நல்லது. 'கீச்' என்று கிறீச்சிட்டால் பெல்ட் வழுக்குகிறது என்று பொருள். உலர்ந்த துணியால் துடைத்து, தளர்ந்திருந்தால் இறுக்க வேண்டும். சத்தம் போக எண்ணெய் விடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எண்ணெய் பட்டால் பெல்ட் இன்னும் வழுக்கும். குறைந்த வேகத்தில் மட்டும் மெல்லிய ரீங்காரம் கேட்டால், பெரும்பாலும் அது வேகக் கட்டுப்பாட்டுச் சுற்றிலிருந்து வருவது, பழுதன்று. பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றும்போதும் 'கரகர'வென்று நெருடினால் பேரிங்கில் குறை. அதை நாம் தொட வேண்டாம். உத்தரவாதக் காலத்தில் விற்றவர் மாற்றித்தர வேண்டியது அது.

ஆட்டத்தைப் பிரித்துப் பாருங்கள்

சத்தம் போன பிறகும் ஆட்டம் இருந்தது. சத்தமும் ஆட்டமும் ஒரே காரணத்தால் வருவதாக நினைத்திருந்தேன். அது தவறு.

முதலில் தரை. சக்கரத்தின் மூலைகளை ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பாருங்கள். அசைந்தால் ஒரு கால் தரையைத் தொடவில்லை. கொத்தனாரின் ரசமட்டத்தைத் தட்டின் மீது வைத்து, கால்களின் நட்டைத் திருகிச் சமன் செய்யலாம். நட்டு இல்லாவிட்டால் ரப்பர் துண்டை அடியில் கொடுக்கலாம். எங்கள் வகுப்பறைத் தரையில் ஒரு ஓடு இறங்கியிருந்தது. சக்கரம் நகர்ந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான்.

அடுத்து சுழல்தட்டு. ஒரு செங்கல்லின் மீது பென்சிலைக் கிடத்தி, அதன் முனை தட்டின் மேற்பரப்பை ஏறக்குறையத் தொடும்படி வைத்துத் தட்டைக் கையால் சுற்றுங்கள். இடைவெளி மாறினால் தட்டு மேலும் கீழும் ஆடுகிறது. முனையைத் தட்டின் பக்கவாட்டு விளிம்புக்கு நேராக வைத்தால், மையம் விலகியிருப்பது தெரியும். தாளின் தடிமன் அளவு மாற்றம் பொருட்டில்லை. தீக்குச்சியின் தடிமன் அளவுக்கு மாறினால் கவனிக்க வேண்டும். திருகாணிகளைத் தளர்த்தித் தட்டைத் தூக்கி, தண்டில் ஒட்டிய பெயிண்ட், தூசி ஆகியவற்றைத் துடைத்து, மீண்டும் உட்காரவைத்து, திருகாணிகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். அதற்குப் பிறகும் ஆடினால் தண்டு வளைந்திருக்கலாம், விற்றவரிடம் விட்டுவிடுங்கள்.

எங்கள் தட்டு சரியாக இருந்தது. பலகையை வைத்தால்தான் ஆடியது. குறை பலகையிலா, தட்டிலா? பலகையின் உயர்ந்த இடத்தில் ஒரு குறியிட்டு, பலகையைக் கழற்றி அரைச்சுற்றுத் திருப்பிப் பொருத்தினோம். உயரம் பலகையோடு சேர்ந்து இடம் மாறினால் பலகை வளைந்திருக்கிறது. மாறாமல் தட்டின் அதே பக்கத்தில் நின்றால் குறை தட்டின் பக்கம். எங்களுக்கு மாறவில்லை. தடவிப் பார்த்த ஒரு மாணவன் முளைத்துளையின் ஓரத்தில் சிறு உலோகப் பிசிறைக் கண்டுபிடித்தான். நான் அரத்தால் நான்கு முறை தேய்த்தேன். பலகை அசையாமல் உட்கார்ந்தது.

மண் வைத்த பின் ஆடினால்

வெறும் சக்கரமும் பலகையும் சரியாகி, மண் வைத்ததும் ஆடினால் மண் மையத்தில் இல்லை. ஒரு கிலோ மண்ணின் நிறைமையம் 1 செ.மீ. விலகியிருப்பதாகக் கொள்வோம். நிமிடத்துக்கு 100 சுற்றில் அது தண்டைப் பக்கவாட்டில் இழுக்கும் விசை சுமார் 1.1 நியூட்டன். 200 சுற்றில் 4.4 நியூட்டன், ஏறத்தாழ 450 கிராம் எடைக்குச் சமம். வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகிறது. அந்த விசை ஒவ்வொரு சுற்றிலும் திசை மாறிக்கொண்டே இருப்பதால்தான் சக்கரம் முழுதும் அதிர்கிறது.

தாத்தா அரைக்கிலோ மண்ணை நன்றாகப் பிசைந்து காற்றுப் போக்கி, தட்டின் நடுவில் அறைந்து வைத்தார். முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டு ஈரக்கையால் அணைத்தார். சில சுற்றுகளில் மண் அசையாமல் நிற்பதுபோலச் சுழன்றது. "கை ஆடாம இருந்தா மண்ணு தானா நடுவுக்கு வந்துரும் டீச்சர்" என்றார். என் கைக்கு அது வர இரண்டு வாரம் ஆனது. அவர் பேத்திக்கு இரண்டே நாள்.

பாதுகாப்பு

மூடியைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. திருகாணி, பெல்ட் வேலைகளை ஆசிரியரே செய்ய வேண்டும். மாணவர்கள் பார்க்கவும் எண்ணவும் எழுதவும் செய்யலாம். தண்ணீரோடு வேலை செய்வதால் எர்த் இணைப்புள்ள மூன்றுமுனைப் பிளக் கட்டாயம். துப்பட்டாவையும் சடையையும் முடிந்துகொள்ளச் சொல்லுங்கள். மோட்டார் பெட்டியையும் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் திறக்காதீர்கள், உத்தரவாதம் போய்விடும்.

வகுப்பறைக்கு

தொடக்க வகுப்புகளில் சுற்றுகளையும் சத்தத்தையும் எண்ணுவதே நல்ல கணக்குப் பயிற்சி. ஆறு முதல் எட்டு வரை, மூன்று நிலைச் சோதனையை அட்டவணையாக எழுதவைக்கலாம். ஒன்பது, பத்தாம் வகுப்பில் 20க்கு 14 என்ற விகிதத்திலிருந்து பெல்ட்டின் நீளத்தைக் கணக்கிடச் சொல்லலாம். பெரிய புல்லியின் சுற்றளவை 20/14 ஆல் பெருக்க வேண்டும். பிறகு பெல்ட்டை நூலால் அளந்து சரிபார்க்கலாம்.

மேலாண்மைக் குழுக் கூட்டத்தன்று நான் விளக்கம் எதுவும் எழுதிப் போகவில்லை. பிள்ளைகளின் குறிப்பேட்டையும், கொஞ்சம் கோணலான ஓர் அகல்விளக்கையும் மேசை மீது வைத்தேன். உங்கள் பள்ளியிலும் ஒரு கருவி மூடிக் கிடந்தால், கழற்றும் முன் ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு போய் எண்ணிப் பாருங்கள்.