லாரிக்கு அடியில ஒரு லேப்!

'டிஃபரன்ஷியல் என்றால் என்ன?' - செமஸ்டர்ல இந்த 2 மார்க் கேள்வி வந்தா, மூணு வரி எழுதிட்டு அடுத்த கேள்விக்குத் தாவுற கோஷ்டியா நீங்க? அப்போ இது உங்களுக்குத்தான் பாஸ்!

லாரி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்க வீல் அதிக தூரம் ஓடணும். உள்பக்க வீலுக்குக் குறைந்த தூரம்தான். ரெண்டும் ஒரே வேகத்தில் சுத்தினா டயர் தேயும், ஆக்ஸில் முறுக்கும். இந்தப் பஞ்சாயத்தைத் தீர்த்துவைக்கிற நாட்டாமைதான் டிஃபரன்ஷியல். பின்பக்கம் லாரிக்கு அடியில் குனிஞ்சு பாருங்க... ஆக்ஸில் நடுவுல பெரிய பானை மாதிரி உருண்டையா ஒண்ணு இருக்கும். அதுக்குள்ளதான் கிரவுன், பினியன் எல்லாம் ஆயில்ல குளிச்சுக்கிட்டே சுத்துது.

இந்த ஆயில் சாதாரண இன்ஜின் ஆயில் இல்லை. ஹைப்பாய்டு கியர் பற்கள் ஒண்ணு மேல ஒண்ணு உருள்றதோட வழுக்கவும் செய்யும். அந்த அழுத்தத்தில் வெறும் ஆயில் படலம் பிதுங்கி ஓடிடும். அதனாலதான் கந்தகம், பாஸ்பரஸ் கலந்த ஜிஎல்-5 தர ஆயில். 80டபிள்யூ-90, 85டபிள்யூ-140னு டின்னில் போட்டிருப்பாங்க. மூக்கைத் துளைக்கிற அந்த வாசனைக்குக் காரணமே கந்தகம்தான். எந்த கிரேடு, எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாத்தணும்? அதை வண்டியின் மேனுவல்தான் சொல்லணும்... டீக்கடை பெஞ்ச் இல்லை!

முதல்ல எந்த ப்ளக்?

கொஞ்ச தூரம் ஓடி, ஆயில் சூடா இருக்கும்போதே வேலையை ஆரம்பிக்கணும். அப்பதான் இளகி ஓடும், அடியில் தங்கின கசடும் சேர்ந்து வரும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, வீலுக்கு முன்னும் பின்னும் கட்டை வெச்சாச்சா? இப்போ ஸ்பேனரை எடுங்க. எதைக் கழட்டுவீங்க?

'கீழே இருக்கிற டிரெயின் ப்ளக்'னு சொன்னா, அவுட்! முதல்ல மேலே இருக்கிற ஃபில்லர் ப்ளக்கைத்தான் கழட்டிப் பார்க்கணும். அது துருப்பிடிச்சு இறுகியிருந்தா? பழைய ஆயிலை எல்லாம் கீழே விட்டுட்டு, புது ஆயிலை ஊத்த வழியில்லாம முழிக்கணும். லோடு ஏத்தின லாரி ஒருநாள் நின்னா ஓனருக்கு வாடகை போச்சு, டிரைவருக்குப் படி போச்சு.

வண்டிக்கு ஒரு பிளட் டெஸ்ட்!

டிரெயின் ப்ளக்கைத் திறந்ததும் ட்ரேயில் கொட்டுற ஆயிலை அப்படியே பேரலில் கவிழ்த்துடாதீங்க. ஆக்ஸிலோட பிளட் ரிப்போர்ட்டே அதுதான்!

ப்ளக்கில் இருக்கிற காந்தத்தைப் பாருங்க. மை மாதிரி சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தா பயப்பட வேண்டாம், வழக்கமான தேய்மானம். செதிலோ, பல் துண்டோ இருந்தா... ஆயில் மாத்தி பிரயோஜனம் இல்லை, ஹவுசிங்கைத் திறந்தே ஆகணும். ஆயில் பால் கலந்த காபி மாதிரி இருந்தா உள்ளே தண்ணீர் போயிருக்கு. தீய்ஞ்ச வாடை வந்தா உள்ளே சூடு எல்லை மீறியிருக்கு.

அடுத்து, காந்தத்தைத் துடைச்சு, புது வாஷர் போட்டு, ப்ளக்கை முறையா டைட் பண்ணிட்டு, ஃபில்லர் ஓட்டையின் விளிம்பைத் தொடுற வரைக்கும் புது ஆயில். பல லாரிகளுக்கு ஒரு ஆக்ஸிலுக்கே 10 லிட்டருக்கு மேல் பிடிக்கும். கொஞ்ச தூரம் ஓட்டி, ஆயில் அடங்கினதும் மறுபடி லெவல் பார்க்கணும்.

'கூடுதலா ஊத்தினா நல்லதுதானே?' இல்லவே இல்லை! ஆயில் நுரைக்கும், சூடாகும், சீல் வழியா வெளியே கசியும். மேலே இருக்கிற குட்டி பிரீதர் சேத்தில் அடைச்சிருந்தாலும் இதே கதைதான். உள்ளே அழுத்தம் ஏறி, வீல் பக்க சீலைத் தள்ளும். கசியுற ஆயில் அடுத்து எங்கே போகும்? நேரா பிரேக் லைனிங்குக்கு! தொப்பூர் கணவாய் இறக்கத்தில் ஃபுல் லோடோட வர்ற லாரிக்கு, ஆயில்ல நனைஞ்ச பிரேக்னா என்ன அர்த்தம்னு யோசிச்சுப் பாருங்க. ஆபத்து டிரைவருக்கு மட்டும் இல்லை... முன்னாடி பைக்ல போற நமக்கும்தான்.

ஒரு முக்கியமான விஷயம். பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊத்தக் கூடாது. 2016-ம் ஆண்டு விதிகளின்படி அது அபாயகரமான கழிவு. அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரர்களிடம்தான் போகணும்.

நாமக்கல், சங்ககிரி பக்கம் படிக்கிறீங்களா? லாரிப் பட்டறைக்குப் பஞ்சமே இல்லை. ஒரு சனிக்கிழமை ஒதுங்குங்க. எதையும் தொடாம, ஓரமா நின்னு, "அண்ணே, அந்தக் காந்தத்தைக் கொஞ்சம் காட்டுங்களேன்"னு கேளுங்க. 2 மார்க் கேள்விக்கு ரெண்டு பக்கம் எழுதலாம்!